மெய்வயது

டாக்டர் ஆவுடைநாயகி தேடிக்கொண்டிருந்தது முழங்கால் வலிக்கு ஒரு வழி. கிடைத்தது வேறு. தமிழ்நாட்டில் ஏகப்பட்ட பேர் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று அவளுடைய ஆய்வுக்கூடம்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது. சொன்னபோது அவளுக்கும் அதில் துளி சந்தேகம் இருக்கவில்லை.

தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம். அதன் மூன்றாவது மாடியில் ஆவுடைக்கு ஒரு நீளமான அறை, இரண்டு மைக்ராஸ்கோப், கீழ்த்தளத்தில் சில முயல்கள். மனித உடம்பிலிருந்து எடுத்த கொலாஜனை முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். யாரோ அந்நியன் நுழைந்துவிட்டான் என்று முயலின் உடம்பு அதைப் பிடிக்க ஓர் ஆன்டிபாடியைத் தயாரிக்கும். அந்த ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி, முட்டியிலிருந்து சீவியெடுத்த மெல்லிய திசுவின்மேல் சொட்டினால், கொலாஜன் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னும். ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் நடக்கிற காரியம்தான். ஆனால் ஆவுடையின் முயல்களில் காது மடங்கிய ஒன்று மட்டும் பிடிவாதக்காரியாக இருந்தது. அது கொடுத்த ஆன்டிபாடி எல்லாக் கொலாஜனையும் தொடவில்லை. கிழவர்களின் முட்டியில் தீபாவளி மாதிரி மின்னியது. வாலிபர்களின் முட்டியில் இருட்டாகக் கிடந்தது.

இயக்குநர் பத்ரிநாத் அந்த வரைபடத்தை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு?"

"கொலாஜன்னா நார் சார். உடம்பை இழுத்துக் கட்டி வெச்சிருக்கற கயிறு. வருஷம் போகப் போக ஒரு நாருக்கும் இன்னொரு நாருக்கும் நடுவுல முடிச்சு விழும். இந்த ஆன்டிபாடிக்கு நார் கண்ணுக்கே தெரியல. முடிச்சு மட்டும்தான் தெரியுது. முடிச்சை எண்ணினா வயசு வந்துடுது."

"முட்டியில மட்டுமா?"

"காதுக்குப் பின்னாடி மிளகு அளவு தோல் இருந்தாப் போதும்."

பத்ரிநாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மேலிடத்துக்குக் கடிதம் போகப்போகிறது என்று அர்த்தம்.

"முட்டியை விடுங்க ஆவுடை. முட்டி வலிச்சா ஜனங்க தைலம் தேய்ச்சுக்குவாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அவனவன் வயசு தெரியாது. ஸ்கூல்ல சேர்க்கறப்போ ஹெட்மாஸ்டர் மனசுல என்ன தோணுச்சோ அதான் பிறந்த நாள். வேலைக்கு ஒரு வயசு, கல்யாணத்துக்கு ஒரு வயசு, முதியோர் பென்ஷனுக்கு ஒரு வயசு. நீங்க கண்டுபிடிச்சிருக்கறது மருந்தில்ல. சாட்சி."

ஆவுடை ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். சாட்சி சொல்கிற கருவிக்கு அளவுகோல் சுத்தமாக இருக்க வேண்டும். பிறந்த தேதி சந்தேகமறத் தெரிந்தவர்களின் தோலை வைத்துத்தான் அதைப் போட முடியும். ஆகவே பெரிய தனியார் மருத்துவமனைகளில் பிறந்தவர்களாக, பிறந்த நிமிடம்கூடப் பதிவாகியிருப்பவர்களாகத் தேடிப் பிடித்தாள். டென்னிஸ் ஆடுகிறவர்கள், காலையில் பாதாம் ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள், முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே காதைக் காட்டினார்கள். கோடு ஓரிடத்திலும் வளையவில்லை. இதைவிட நேர்மையாக ஓர் ஆய்வைச் செய்ய முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அரசு அதைச் சீக்கிரமே சுவீகரித்தது. துறைச் செயலாளர் இளம்பரிதி இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஐ.ஏ.எஸ். ஆனவர். 'மெய்வயதுத் திட்டம்' என்று பெயர் சூட்டியது அவர்தான். தாலுகா அலுவலகம்தோறும் ஒரு கருவி வந்தது. டிபன் கேரியர் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே நீல விளக்கு.

முதல் ஆறு மாதம் மாநிலமே காதைத் தடவிக்கொண்டு அலைந்தது. மணப்பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவள் என்று தெரிந்து தாம்பூலத் தட்டுகள் திரும்பிப் போயின. ஜோசியர்கள் பழைய ஜாதகத்தை வாங்கிக்கொண்டு புது ஜாதகம் எழுதித் தந்தார்கள். சினிமாக்காரர்களுக்கும் அமைச்சர்களுக்கும் பாதுகாப்புக் காரணங்களால் விலக்கு அளிக்கப்பட்டது. துப்புரவுப் பணியாளர்கள், பஸ் கண்டக்டர்கள், சத்துணவு ஆயாக்கள் எல்லோரும் ஓய்வு வயதைத் தாண்டியும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது அம்பலமாகி, கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் அதிகாரிகளும் தாங்களாகவே முன்வந்து சோதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கவில்லை. சிலர் கூட்டியே சொல்லியிருந்தார்கள். கல்வி மனிதனை நேர்மையாக்குகிறது என்று ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியது. ஆவுடை அதை வெட்டி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டினாள்.

பவுனுவின் வழக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

தர்மபுரி மலைப்பக்கத்துப் பெண். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தபோது மிஷினில் வலது கை விரல் இரண்டு போய்விட்டது. பெண்ணுக்குப் பதினைந்து வயதுதான், சிறுமியை வேலைக்கு வைத்தது குற்றம் என்று மில் முதலாளிமேல் வழக்கு. பத்தொன்பது என்று மில் தரப்பு சொன்னது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பெட்டியும் பத்தொன்பது என்றது. கோர்ட் ஆவுடையைக் கூப்பிட்டது.

"டாக்டர், இந்தப் பரிசோதனை தப்பாகறதுக்கு வாய்ப்பு உண்டா?" என்று மில் வக்கீல் கேட்டார்.

"ஒரு வருஷம் முன்னப்பின்ன ஆகலாம். நாலு வருஷம் ஆகாது."

"பெத்த தாயே பதினஞ்சுன்னு சொல்றாங்களே?"

"அம்மாக்கள் மறந்துபோவாங்க. ஆன்டிபாடிக்கு ஞாபகமும் கிடையாது, பாசமும் கிடையாது."

நல்ல வாக்கியம். மறுநாள் பேப்பரில் வந்தது. முதலாளி விடுதலையானார்.

சாட்சி சொல்லிவிட்டு வந்த அன்றே கோர்ட் வராந்தாவில் பவுனு அவளை வழிமறித்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்து ஆவுடை நின்றாள். பெண்ணுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் இருந்தது.

"டாக்டரம்மா, எனக்குப் பதினஞ்சுன்னு நெனச்சேன். நீங்க பத்தொம்பதுன்னு சொல்லிட்டீங்க. அப்ப நடுவுல நாலு வருஷம் எங்கங்க போச்சு?"

"எங்கயும் போகலம்மா. உங்க அம்மா கணக்கு விட்டுட்டாங்க, அவ்வளவுதான்."

"எங்கம்மா ஆட்டுக்குட்டி வயசக்கூட மறக்க மாட்டாங்க" என்றாள் பவுனு. ஆவுடைக்குக் கார் வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு காலை, சங்கரன்கோவிலிலிருந்து அண்ணன் சங்கரலிங்கம் போன் செய்தான்.

"ஏட்டி ஆவுடை, உன் முயல் என்னைக் கொன்னுபோட்டுதே!"

"என்னண்ணே ஆச்சு?"

"அறுபதாங் கல்யாணத்துக்கு ஐயர் மெய்வயசுச் சீட்டு கேட்டாரு. போய்க் காதைக் காட்டுனேன். அம்பத்திரண்டுன்னு வந்திருக்கு. பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, சமையலுக்கு ஆள் பிடிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு இன்னும் வயசு வரலைங்காவ! உன் மதினி ஒரே அழுகை. அவளுக்கு அறுபத்தொண்ணு வந்திருக்கு. சின்னப் பையனைக் கட்டிக்கிட்டேன்னு ஊரு சிரிக்கும்லாங்கா."

ஆவுடை சிரித்துவிட்டாள். கருவி கெட்டுப்போயிருக்கும், வேறு தாலுகாவில் பார்க்கச் சொன்னாள்.

"மூணு இடத்துல பாத்தாச்சு. எல்லாம் ஒண்ணுதான் சொல்லுது. ஒண்ணு செய்யி. நீயும் காதைக் காட்டி உனக்கு என்ன வருதுன்னு சொல்லு. நான் உனக்கு அண்ணனா தம்பியான்னாவது தெரிஞ்சிக்கிடுவோம்."

அவள் தன்னைச் சோதித்துப் பார்த்ததே இல்லை. சமையற்காரருக்குத் தன் சமையலைச் சாப்பிடத் தோன்றாதது மாதிரிதான். மதிய உணவு நேரத்தில் காதுக்குப் பின்னால் தோல் எடுத்து, நீல விளக்கின்கீழ் வைத்தாள். பச்சை கொட்டியது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பெட்டி அறுபத்துமூன்று என்றது. வேறு தோல் எடுத்தாள். யாரோ ஒரு பெண்ணுடையது என்று மட்டும் சொல்லி உதவியாளரிடம் கொடுத்துப் பார்த்தாள். "இந்தப் பாட்டிக்கு அறுபத்திமூணு மேடம்" என்று அவர் வந்து சொன்னார்.

சங்கரலிங்கம் விடவில்லை. வேறு ஐயரைப் பிடித்துக் கல்யாணத்தை நடத்தினான். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் ஆவுடை.

"அண்ணே, நான் பொறந்த அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? என்னை வாசல்ல உக்காரவச்சு கையில ஒரு சீடையைக் குடுத்துட்டாவ. நீ கத்துன கத்துல சீடை சாக்கடையில விழுந்துட்டு. அதுக்கு நானும் அழுதேன்."

"அப்ப நான் உனக்கு இளையவதான்."

"இது என்னட்டி கேள்வி? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டவன் நான்."

"உன் ஒடம்பு அம்பத்திரண்டுங்குது. என் ஒடம்பு அறுபத்திமூணுங்குது."

அண்ணன் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எனக்குச் சின்னதுல எளப்பு இருந்துச்சுல்லா. டாக்டரு தினம் பாலும் முட்டையும் குடுக்கச் சொன்னாரு. நீ திடகாத்திரமா இருந்தே. இவளுக்கு என்னத்துக்குன்னுவா அம்மா. கொளத்துத் தண்ணி, மாவாட்டுறது எல்லாம் நீதான். ஒரு தரம்கூட முடியலைன்னு சொன்னது கெடையாது."

அப்போது அவர்கள் சைவப்பிள்ளைமார் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முட்டை வாங்குவது வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. அம்மா முட்டை ஓட்டை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். தெருக்கோடிக்கு அந்தண்டை போய்ப் போட்டுவிட்டு வருவது ஆவுடையின் வேலை. முட்டை என்றால் அவளுக்கு ஓடுதான் ஞாபகம். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. இப்போதும் வருத்தம் வரவில்லை. வந்தது பயம். அவள் அளவுகோல் போட்டது முழுக்க முழுக்க முட்டை சாப்பிட்டவர்களை வைத்து.

திரும்பி வந்ததும் வேறு மாதிரியான ஆட்களைத் தேடினாள். ஏழைகளாக இருக்க வேண்டும்; ஆனால் பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளில் இலவசப் பிரசவத்தில் பிறந்தவர்கள் அகப்பட்டார்கள். செங்கல் சூளைக்காரர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள். பெட்டி ஒவ்வொருவரையும் கிழவர் ஆக்கியது. சிலருக்கு ஐந்து வருடம் கூடியது, சிலருக்குப் பன்னிரண்டு. காரணமும் பிடிபட்டது. வயிறு நிறைந்த உடம்பு பழைய நாரைக் கழித்துவிட்டுப் புதிது நெய்துகொள்கிறது; அண்ணனைப் போலச் சின்னதிலேயே மிஞ்சிக் கிடைத்திருந்தால் வயதைக் குறைத்தும் காட்டுகிறது. பட்டினி கிடக்கிற உடம்புக்குப் புதிது நெய்வது கட்டுப்படியாகாது. கிழிந்த சேலையை முடிந்து கட்டிக்கொள்கிற மாதிரி, இருக்கிற நாரையே முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு ஓட்டுகிறது.

நடுவில் நாலு வருஷம் எங்கே போச்சு என்று ஒருத்தி கேட்டதற்கு இப்போது பதில் தெரிந்தது.

பத்ரிநாத் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுதும்மா. சில பேர் கொஞ்சம் வேகமா ஓடறாங்க, அவ்வளவுதானே? பத்மா விருதுக்கு உங்க பேர் போயிருக்கு. ரெண்டு மாசம் சும்மா இருங்க."

அவள் செயலாளரிடமே போனாள்.

இளம்பரிதி அவளுக்கு இஞ்சி டீ வரவழைத்தார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். எல்லாவற்றையும் உடனே புரிந்துகொண்டார். அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கும் என்று படங்களெல்லாம் போட்டு எடுத்துவந்திருந்தாள்.

"அதாவது, உங்க ஆன்டிபாடி காட்டறது பிறந்து எத்தனை வருஷம்னு இல்ல. எத்தனை வருஷம் பட்டினின்னு."

"ஏறக்குறைய அப்படித்தான் சார்."

"பிரமாதம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். "ஆனா இதை நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? கோடிக்கணக்கான பேர் கையில மெய்வயசுச் சான்றிதழ் இருக்கு. ஒவ்வொண்ணும், இவன் இவ்வளவு காலம் பட்டினி கிடந்தான்னு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆயிடும். அதை வெச்சு நாளைக்கு ஒவ்வொருத்தனும் என்ன கேட்பான்னு யோசிச்சீங்களா? அதுக்கு, அவன் பொய் சொன்னான்னு இருந்துட்டுப் போறது தேவலை. அவனுக்கும் அதான் மரியாதை."

"ஆனா அது மெய்யான வயசு இல்லையே சார்."

"மெய்ன்னா உண்மைன்னு மட்டுமா அர்த்தம்? உடம்புன்னும் அர்த்தம் உண்டே. உடம்போட வயசு. திட்டத்தோட பேரைக்கூட மாத்த வேண்டியதில்ல." தான் வைத்த பெயரின் ஆழம் அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல முகம் மலர்ந்தது. "ஆமா, உங்க மெய்வயசு என்ன டாக்டர்?"

"அறுபத்திமூணு."

"அடடா! அப்ப நீங்க எப்பவோ ரிடையர் ஆகியிருக்கணுமே?"

மிரட்டுகிறாரா, விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தெரியாமலேயே அவள் டீயைக் குடித்து முடித்தாள். மாதக் கடைசியில் தெரிந்துவிட்டது. ஓய்வு ஆணையும் பொன்னாடையும் ஒரே நாளில் வந்தன. விழாவில் பத்ரிநாத், தன் கண்டுபிடிப்புக்குத் தானே முதலில் கட்டுப்பட்ட விஞ்ஞானி என்று அவளைப் புகழ்ந்து பேசினார். கைதட்டினார்கள்.

தொழிற்சங்க வக்கீல் ஒருவர், பவுனு வழக்கில் அப்பீல் போகலாம் என்றார். "உங்க ஆன்டிபாடிக்கு எதிரா நீங்களே சாட்சி சொன்னா தீர்ப்பு நிக்காது டாக்டர். அந்தப் பொண்ணு கையெழுத்து மட்டும் வேணும்."

வக்காலத்தை எடுத்துக்கொண்டு ஆவுடை மலையேறினாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடை. ஊரில் மாரியம்மன் பண்டிகை, பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பண்டிகைக்கு லீவில் வந்திருந்த பவுனு, வீட்டு முன்னால் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த விரல்களால் முறத்தை லாவகமாகப் பிடித்திருந்தாள். அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றாள்.

ஆவுடை திண்டாடித் திண்டாடி எல்லாவற்றையும் சொன்னாள். உன் அம்மா சொன்னதுதான் சரி. நீ பட்டினி கிடந்ததைத்தான் பெட்டி வயதாகக் காட்டியிருக்கிறது. தப்பு என்னுடையது. கோர்ட்டில் சொல்லி மாற்றிவிடுகிறேன். இதில் ஒரு கையெழுத்துப் போடு.

பவுனு தாளைத் தொடவில்லை.

"வேணாங்க."

"ஏம்மா?"

"பத்தொம்பதுன்னு தீர்ப்பு வந்ததாலதான் மில்லுல திரும்பி எடுத்துக்கிட்டாங்க. இப்ப நூல் கோன் அடுக்கற எடத்துல போட்டிருக்காங்க. பதினஞ்சுன்னு ஆச்சுன்னா வேலை போயிரும். என்னைப் புடிச்சி சர்க்கார் ஹோம்ல போட்டுருவாங்க. அப்பாவுக்கு இடுப்பு ஒடஞ்சு கெடக்கு. வீட்ட யாருங்க பாக்கறது?"

"ஆனா அது பொய்ம்மா."

"நீங்கதானங்க கோர்ட்ல சொன்னீங்க?"

அதில் குத்தல் இல்லை. யார் சொன்னதோ அவரிடமே விளக்கம் கேட்கிற குரல். ஆவுடை தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அதற்குள் பவுனுவின் அம்மா மாதேஸ்வரி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஆவுடை எதிர்பார்க்கவில்லை.

"அந்த மருந்து கண்டுபுடிச்ச டாக்டரம்மாங்களா? மாரியம்மனே அனுப்பி வெச்சிருக்கா. ஏ மல்லி, இங்க வா!"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். பதினொரு வயதுக்குமேல் ஒரு நாள் இருக்காது. கைகளில் எலும்பு புடைத்திருந்தது. காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி.

"இவ பவுனுக்கு இளையவங்க. அக்கா மாதிரி மில்லுக்குப் போவணும்னு ஒரே அடம். மில்லு ஏஜென்ட்டு போன வாரம் பெட்டி எடுத்துக்கிட்டு வந்தாரு. இந்தச் சுத்துல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் பாத்தாரு. மல்லிக்குப் பதினாறு வந்திருக்குதுங்க. பதினெட்டு வந்தாத்தான் எடுப்பாங்களாம். ரெண்டுதான் கொறையுது."

ஆவுடை அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். "பெட்டியை இங்கயே தூக்கிட்டு வர்றாங்களா?"

"ஆமாங்க. கீழ ஊருல ஆரும் தேற மாட்டேங்கறாங்களாம். மலைப்புள்ளைங்களுக்குத்தான் வயசு நல்லா ஏறுதாம். ஏஜென்ட்டே சொன்னாரு. சோத்தக் கொஞ்சம் கொறச்சிப் போடு, அடுத்த தரம் வர்றதுக்குள்ள பதினெட்டு ஆயிரும்னாரு. ஒரு வேளைதாங்க குடுக்கறோம். இவளே வேணாங்கறா. ரோசக்காரி." மாதேஸ்வரி மகளின் தலையைத் தடவினாள். "அது சரிதானுங்களே? இன்னும் வெரசா ஏற வேற எதாச்சும் வழி இருக்குதுங்களா?"

சிறுமி ஆவுடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு சொல்லப்போகிறவரைப் பார்ப்பதுபோல.

மில்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. செயலாளருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மலையில் அவள் வரைபடத்தை விரித்து, நாரையும் முடிச்சையும் விளக்கி, உண்மை இதுதான் என்று சொன்னால், மாதேஸ்வரி அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஏஜென்ட் சொன்னது உண்மைதானே.

"அந்த ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் ஆவுடை. "தலைகீழாச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"தலைகீழாங்களா?"

"இந்த மருந்தைக் கண்டுபிடிச்சது யாரு? நானா, அவனா?"

"நீங்கதாங்க."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பட்டினி போட்டா வயசு ஏறாது. இருக்கற எடத்துலயே நின்னு போயிடும். மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டாத்தான் ஏறும். பால், கடலை, கருவாடு, எது கெடைச்சாலும் குடுங்க. பள்ளிக்கூடத்துக்கும் போகணும். அங்க மத்தியானச் சோறு போடறாங்கல்ல, அதையும் விடக்கூடாது."

முப்பது வருட ஆராய்ச்சியில் அவள் சொன்ன முதல் பொய் அது. கோர்ட்டில்கூட அவள் இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை.

மாதேஸ்வரி குழம்பிப்போய்ப் பெரிய மகளைப் பார்த்தாள். பவுனு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆவுடையின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். நேருக்கு நேர், கண் எடுக்காமல். இவளுக்குப் புரிந்துவிட்டது என்று ஆவுடைக்குப் பட்டது. சற்று முன்தான் எல்லா உண்மையையும் இவளிடம் சொல்லியிருந்தாள்.

"அதான் டாக்டரம்மாவே சொல்றாங்கல்ல" என்றாள் பவுனு அம்மாவிடம். "நின்னு பாத்துக்கிட்டிருக்கற. போயி சோத்தப் போடு."

களி சூடாக இருந்தது. மேலே அவரைக்காய்க் குழம்பு ஊற்றியிருந்தது. மல்லி முதல் உருண்டையைத் தயங்கித் தயங்கி எடுத்தாள். அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். மாதேஸ்வரி போய் விஷயத்தைச் சொன்னாள். பெட்டியைக் கண்டுபிடித்த டாக்டரே நேரில் வந்து சொல்லிவிட்டார், நாமெல்லாம் தப்பாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று. அந்தப் பெண் அப்படியே திரும்பி, தன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மல்லி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப எனக்கு எத்தன வயசாச்சுங்க?"

"இன்னொரு உருண்டை சாப்பிடு" என்றாள் ஆவுடை. "சொல்றேன்."